அடங்கலை ஸ்கேன் செய்து ஏற்றும்போதெல்லாம் நீலத்திரை வருகிறது. இரண்டு முறை ஃபார்மேட் செய்தும் தீரவில்லை

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் வட்டம்):

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் நானும் என் கணவரும் சிறிய இணையச் சேவை மையம் நடத்தி வருகிறோம். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு விண்ணப்பம் வந்துகொண்டிருக்கும் என்றாலும், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு நடக்கிற ஐப்பசி மாதத்தில்தான் எங்கள் வாசலில் வரிசை நிற்கும். நவம்பர் நடுவில் கடைசித் தேதி வந்துவிடும் என்பதால், இந்த நாட்களில் கணினி ஒரு பொழுது நின்றாலும் ஊரே தவித்துப் போகிறது. சரியாக இந்த நேரத்தில் எங்கள் கணினி மூன்று வாரங்களாக நின்று நின்று போகிறது.

நடப்பது இதுதான். விவசாயியின் ஆதார் எண், புல எண், உட்பிரிவு, பரப்பளவு எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்து, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட அடங்கலையும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றும்போது, முதலில் மவுஸ் அசையாமல் நிற்கிறது. அடுத்த நொடியே நீலத்திரை வந்து, நூறு விழுக்காடு வரை எண்ணிவிட்டு, கணினி தானாகவே மறுபடியும் தொடங்குகிறது. அதுவரை நிரப்பியது அத்தனையும் போய்விடும். சிட்டா எடுத்து அச்சிடும்போதோ, செய்தி படிக்கும்போதோ, காணொளி பார்க்கும்போதோ இது வந்ததே இல்லை. கோப்பை ஏற்றும்போது மட்டும்தான் வருகிறது. அதுவும் ஒவ்வொரு முறையும் அல்ல, ஏறத்தாழ நான்கில் ஒரு முறை.

போன வாரம் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் பெரியவர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மழைக்கு நனையாமல் இருக்க அடங்கலை உரச்சாக்கின் உள்ளுறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். மூன்று நாளும் அவருடைய விண்ணப்பத்தில்தான் திரை நீலமானது. "இன்னிக்கும் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடியும் அந்தத் தாளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை என்னால் மறக்க முடியவில்லை.

பழுது பார்ப்பவரிடம் இரண்டு முறை கொடுத்துவிட்டோம். முதல் முறை ராமை எடுத்து ரப்பரால் துடைத்துப் போட்டு, விண்டோஸை ஃபார்மேட் செய்து கொடுத்தார். ஒன்றரை நாள் நன்றாக ஓடியது. இரண்டாவது முறை எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றி மறுபடியும் ஃபார்மேட் செய்தார். ஒரு நாள் ஓடியது. இதுவரை 3,800 ரூபாய் செலவாகியிருக்கிறது. இப்போது மதர்போர்டைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார். கணினி இரண்டு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் உதிரிபாகங்கள் வாங்கிக் கட்டியது. கோர் ஐ3, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. ஃபைபர் மோடம் முன் திண்ணையில் இருக்கிறது. அங்கிருந்து லேன் கேபிள் கூரை வழியாக உள்ளே வந்து மதர்போர்டிலேயே உள்ள லேன் போர்ட்டில் சேர்கிறது.

நீலத்திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டாப் கோட் என்ற இடத்தில் "டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்றும், அதன் கீழே பழுதானது "என்டிஐஎஸ் டாட் சிஸ்" என்றும் இருக்கிறது. மதர்போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அரசலாறு (கும்பகோணம்):

சகோதரிக்கு வணக்கம். மதர்போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள். இன்னொரு முறை ஃபார்மேட் செய்யவும் விடாதீர்கள். நான் இருபது ஆண்டுகளாகக் கணினி ஆய்வகங்களைப் பராமரித்து வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று செய்திகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: ஏற்றும்போது மட்டும் வருகிறது, ஸ்டாப் கோடிலேயே டிரைவர் என்ற சொல் இருக்கிறது, ஃபார்மேட் செய்த பிறகு ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் வருகிறது. லேன் சிப்பின் டிரைவர் மீதுதான், அதாவது அந்தச் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் சிறு நிரல் மீதுதான், என் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கை வைப்பதைத்தான் ஏற்கெனவே இரண்டு முறை செய்தாகிவிட்டது; இந்த முறை சான்றைப் பார்த்துவிட்டுக் கை வைப்போம்.

கடைசித் தேதி நெருங்குவதால் நாளைய வேலைக்கு முதலில் வழி சொல்கிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்களின் பட்டியலுக்குப் போய், மதர்போர்டின் லேன் அடாப்டரை வலது சொடுக்கி டிசேபிள் செய்யுங்கள். கைப்பேசி வழியாகப் போகும் தரவுக்கு விண்டோஸ் வேறொரு டிரைவரைப் பயன்படுத்தும். லேன் சிப்பின் டிரைவர் பக்கமே போகாது. விண்ணப்பங்களும் தடையில்லாமல் போகும், அதுவே ஒரு சோதனையாகவும் இருக்கும். நாள் முழுவதும் ஏற்றியும் நீலத்திரை வரவில்லை என்றால் ராம், எஸ்எம்பிஎஸ் இவற்றின் மீது பழி போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இல்லாமல் போய்விடும்.

திரையில் என்டிஐஎஸ் என்று வந்திருப்பதைப் பார்த்து அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் சிப்பாக இருந்தாலும் அதன் டிரைவர் விண்டோஸோடு பேசுவதற்கான பொது மொழி அது. மைக்ரோசாஃப்டும் த்ரீகாம் நிறுவனமும் சேர்ந்து வகுத்தது. கோடிக்கணக்கான கணினிகளில் அதே கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே இருக்கும் டிரைவர் தவறான முகவரியைக் கொடுக்க, அதை வாங்கிப் படிக்கப் போன இடத்தில் என்டிஐஎஸ் விழுந்திருக்கலாம். யார் கையில் பானை உடைந்தது என்பது திரையில் தெரியும். விரிசல் விட்ட பானையைக் கொடுத்தது யார் என்பதை, விழுந்த நொடியில் விண்டோஸ் சேமித்துவைக்கும் மெமரி டம்ப் என்ற பதிவில்தான் பார்க்க வேண்டும்.

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறு கோப்பு, தேதியையே பெயராகக் கொண்டு, அங்கே சேர்ந்திருக்கும். இரண்டு முறை ஃபார்மேட் செய்தபோதும் அழிந்துபோனது இந்தச் சான்றுதான்; எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது அதுதான். இப்போது இருக்கிற கோப்புகளை முதலில் டெஸ்க்டாப்புக்கு நகலெடுங்கள், ஏனென்றால் இருக்கிற இடத்திலேயே திறக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று சொல்லும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விண்டிபக் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கோப்பைத் திறந்து, கீழே உள்ள கட்டளை வரியில் ஆச்சரியக்குறி போட்டு "அனலைஸ்", இடைவெளி விட்டு "ஹைபன் வி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் இரண்டு மூன்று நிமிடங்களில் விவரம் வரும். அதில் ஆர்குமென்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள நான்கு எண்களையும், மாட்யூல் நேம் என்ற வரியையும் எழுதி அனுப்புங்கள். அதோடு ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடிப் பாருங்கள். நாள்காட்டி போல ஒரு பக்கம் திறக்கும். கடைசி ஃபார்மேட்டுக்குப் பிறகு என்னென்ன நிறுவப்பட்டது, எந்த நாளில் முதல் முறை விழுந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும்.

வெண்ணாற்றங்கரை:

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை கைப்பேசி இணைப்பிலேயே வேலை செய்தோம். 31 விண்ணப்பங்கள் ஏற்றினோம். ஒரு முறைகூட நீலத்திரை வரவில்லை. பெரியவருக்கும் ஆள் அனுப்பி வரச் சொல்லி, அவருடைய பதிவை முதல் வேலையாக முடித்துக் கொடுத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டை அதே உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மினிடம்ப் ஃபோல்டரில் ஐந்து கோப்புகள் இருந்தன. ஐந்தையும் திறந்து பார்த்தேன். ஐந்திலும் ஸ்டாப் கோட் டி1. முதல் எண் எல்லாவற்றிலும் நிறைய பூஜ்ஜியங்களுக்குப் பிறகு 28 என்று முடிகிறது. இரண்டாவது எண் 2, மூன்றாவது 0. நான்காவது நீளமான முகவரி, ஒவ்வொரு கோப்பிலும் வேறுவேறாக இருக்கிறது. மாட்யூல் நேம் மூன்று கோப்புகளில் லேன் சிப் நிறுவனத்தின் டிரைவர் பெயராகவும், இரண்டில் என்டிஐஎஸ் என்றும் வருகிறது. ஆனால் என்டிஐஎஸ் என்று வந்த இரண்டிலும், ஸ்டாக் டெக்ஸ்ட் என்ற பகுதியில் அதற்கு அடுத்த வரியிலேயே அந்த லேன் டிரைவரின் பெயர் இருக்கிறது. டிரைவர் பெயர் வந்த மூன்றிலும் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு ஒரே எண் இருக்கிறது.

ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஃபார்மேட் செய்த மறுநாள் காலை 11 மணிக்கு விண்டோஸ் அப்டேட் வழியாக அந்த லேன் டிரைவரின் வேறொரு பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது. அன்று மாலையே முதல் சிவப்புக் குறி விழுந்திருக்கிறது.

அரசலாறு:

மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. இனி சந்தேகம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கோளாறோடு இந்தப் பக்கத்துக்கு வருகிற மற்றவர்களும் தங்கள் எண்களைத் தாங்களே படித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நம் பக்கத்தில் டிபிசி என்றால் நேரடி நெல் கொள்முதல் நிலையம். விண்டோஸின் உள்ளேயும் டிபிசி என்று ஒன்று இருக்கிறது. விரிவாக்கம் வேறு, "ஒத்திவைத்த வேலை" என்று அதற்குப் பொருள். ஆனால் அது வேலை செய்யும் முறையை நம் டிபிசியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். அறுவடை நேரத்தில் ஒரு டிராக்டர் நெல் வந்து நின்றதும், அங்கேயே ஈரப்பதம் பார்த்து, தூற்றி, எடை போட்டு, சாக்கு தைத்து முடிக்கும் வரை மற்ற வண்டிகளைச் சாலையில் நிறுத்திவைக்க முடியாது. வந்த வண்டிக்கு டோக்கன் கொடுத்து, நெல்லைக் களத்தில் கொட்டச் சொல்லிவிட்டு, எடை போடும் வேலையைப் பிறகு முறைப்படி செய்வார்கள். லேன் சிப்பும் அப்படித்தான். தரவுப் பொட்டலம் வந்ததும், அல்லது அனுப்பி முடித்ததும், அது இன்டரப்ட் என்ற மணியை அடிக்கும். டிரைவர் ஒரு கணத்தில் டோக்கன் போட்டுவிட்டு விலகும். உண்மையான வேலை டிபிசியில் நடக்கும்.

டிபிசி ஓடும் முன்னுரிமை நிலைக்கு விண்டோஸில் எண் 2. உங்கள் டம்ப்பில் இரண்டாவதாக இருக்கும் 2 அதுதான். இந்த நிலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எடை போட்டுக்கொண்டிருக்கும் ஆள், "சாக்கு கிடங்கில் இருக்கிறது, போய் எடுத்துவருகிறேன், அதுவரை காத்திருங்கள்" என்று சொல்லக் கூடாது. தேவையானது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அதுபோல இந்த நிலையில் ஓடும் நிரல் தொடும் மெமரி கட்டாயம் ராமில் இருக்க வேண்டும். இல்லாத மெமரியைத் தொட்டால், அதை டிஸ்கிலிருந்து எடுத்துவரும் வரை காத்திருக்க விண்டோஸுக்கு வழியே இல்லை. அந்த இடத்தில் மேற்கொண்டு ஓடினால் தரவு கெட்டுப்போகும் என்பதால், இயங்குதளமே தன்னை நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரை என்பது அந்த நிறுத்தம்தான்.

மூன்றாவது எண் 0 என்றால் படிக்க முயன்றது என்று பொருள். எழுத முயன்றிருந்தால் 1 என்று இருக்கும். எதைப் படிக்க முயன்றது என்பதைத்தான் முதல் எண் சொல்கிறது: முகவரி 28. இவ்வளவு சிறிய முகவரியில் எந்த டிரைவருக்கும் வேலை கிடையாது. ஒரு பதிவேட்டின் தொடக்க முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் இருந்து, "தொடக்கத்திலிருந்து 28 தள்ளி இருப்பதைப் படி" என்ற கட்டளை ஓடினால்தான் இப்படி வரும். அதாவது டிரைவர், இன்னும் நிரப்பப்படாத அல்லது ஏற்கெனவே விட்டுவிட்ட ஒரு பதிவேட்டை இருக்கிறது என்று நம்பிக் கை வைத்திருக்கிறது. நான்காவது எண் அந்தக் கட்டளை இருந்த இடம். விண்டோஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டிரைவர்களை வேறு வேறு இடத்தில் ஏற்றுவதால் அந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் டிரைவர் பெயரோடு கூட்டல் போட்டு வரும் எண், அந்த டிரைவருக்குள் எத்தனையாவது இடம் என்பதைக் காட்டுவது. அது மூன்றிலும் ஒன்றாக இருக்கிறது என்று நீங்கள் கவனித்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. ராம் கெட்டிருந்தால் ஒரு நாள் கிராஃபிக்ஸ் டிரைவரில் விழும், ஒரு நாள் ஃபைல் சிஸ்டத்தில் விழும், ஸ்டாப் கோடும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே டிரைவரில் ஒரே இடத்தில் மூன்று முறை விழுவது எழுதிய நிரலில் உள்ள பிழைக்கே அடையாளம்.

ஏற்றும்போது மட்டும் ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்ல முடியும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேல் போகாது. பெரிய கோப்பை அப்படித் துண்டு துண்டாக நறுக்குவது ப்ராசசருக்குப் பாரம் என்பதால், விண்டோஸ் பெரிய துண்டாகவே டிரைவரிடம் கொடுத்து, சிப்பையே நறுக்கி அனுப்பச் சொல்லும். இதற்கு லார்ஜ் சென்ட் ஆஃப்லோட் என்று பெயர். பக்கம் படிப்பதிலும் காணொளி பார்ப்பதிலும் தரவு உள்ளே வருவதுதான் அதிகம். வெளியே போவது சிறு சிறு கோரிக்கைகள். ஸ்கேன் செய்த அடங்கலை ஏற்றும்போதுதான் இந்த வழி முழுவீச்சில் திறக்கிறது. ஆகவே டிரைவரை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை மறுபடியும் எனேபிள் செய்து, அதன் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்ட் தாவலுக்குப் போய், லார்ஜ் சென்ட் ஆஃப்லோட் என்று தொடங்கும் இரண்டு வரிகளையும், ஒன்று ஐபிவி4 மற்றது ஐபிவி6, டிசேபிள் செய்துவிட்டு லேன் கேபிளிலேயே ஏற்றிப் பாருங்கள். விழுவது நின்றால் நோய் இருக்கும் இடம் உறுதியாகிவிடும்.

பிறகு டிரைவரை மாற்ற வேண்டும். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய லேன் டிரைவரை முதலிலேயே பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு லேன் இருக்காது என்பதைப் பலர் மறந்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். இறக்கும் பதிப்பின் எண்ணும், இப்போது கணினியில் உள்ள பதிப்பின் எண்ணும் வேறாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, இந்தச் சாதனத்தின் டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் கட்டாயம் டிக் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் பழைய டிரைவர் விண்டோஸின் கிடங்கிலேயே இருந்துகொண்டு, அடுத்த முறை தொடங்கும்போது திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். கணினியை மறுதொடக்கம் செய்து, பென் டிரைவில் உள்ளதை நிறுவுங்கள்.

கடைசியாக, விண்டோஸ் அப்டேட் மறுபடியும் அந்தப் பதிப்பைக் கொண்டுவராமல் தடுக்க வேண்டும். உங்களுடையது புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி எடிட்டரில், விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதியை எனேபிள் செய்யலாம். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் கிடையாது. அதே விதியை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டும், அதற்கான படியை உங்கள் பதிப்பைச் சொன்ன பிறகு தனியாக எழுதுகிறேன். பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மக்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தட்டச்சு செய்யப்படும் கணினி அது.

ஒரே ஒரு டிரைவர் எப்படி முழுக் கணினியையும் சாய்க்கும் என்று யாராவது கேட்டால், வரப்புக்கும் ஆற்றுக்கரைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள். ஒரு வயலின் வரப்பு உடைந்தால் அந்த வயலோடு போகும். வெண்ணாற்றுக் கரை உடைந்தால் ஊர் முழுவதும் மூழ்கும். பிரவுசர் போன்ற நிரல்கள் தத்தம் வரப்புக்குள் ஓடுபவை. டிரைவர் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடுவது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர் ஒரு தவறான கோப்பைப் படித்து விழுந்தபோது, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நின்றன. அங்கும் நடந்தது, படிக்கக் கூடாத முகவரியைப் படித்ததுதான்.

உப்பளத்தான் (வேதாரண்யம்):

அரசலாறு ஐயா சொன்ன வழி சரியான வழி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வன்பொருளைப் பார்க்காமலேயே விட்டுவிடக் கூடாது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்த பிறகு மாதக்கணக்கில் நான் திறந்து பார்த்த கணினிகளில், டிரைவர் கோளாறு என்று கொண்டுவரப்பட்டவற்றில் பலவற்றுக்குக் காரணம் லேன் போர்ட்டும் கேபிளும்தான். பிழையுள்ள டிரைவர் நல்ல இணைப்பில் மாதக்கணக்கில் அமைதியாக ஓடும். இணைப்பு நொடிக்கு நொடி விட்டு விட்டு வந்தால், அந்த டிரைவரின் பிழை வெளியே வந்துவிடும். டிரைவரிலும் பிழை, கேபிளிலும் கோளாறு என்று இரண்டும் சேர்ந்தே இருக்கக் கூடும்.

கேபிள் கூரை வழியாக வருகிறது என்று சகோதரி எழுதியிருக்கிறார்; அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஃபைபரில் மின்சாரம் வராது என்பது உண்மை. ஆனால் இடி விழும்போது மோடத்தின் அடாப்டர் வழியாக மின்கம்பியிலிருந்து ஏறும் அழுத்தம், மோடத்தைக் கடந்து லேன் கேபிளில் இறங்கி மதர்போர்டின் சிப்பைப் பதம் பார்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடை மூடும்போது மின் இணைப்பை மட்டும் அணைத்தால் போதாது. லேன் கேபிளையும் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு எளிய சோதனைகள் சொல்கிறேன். விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மோடமும் மதர்போர்டும் கிகாபிட் வசதி உள்ளவையாக இருந்தும் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், கேபிளுக்குள் ஏதோ ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் சேர வேண்டும். அடுத்தது, கேபிளின் நுனியில் உள்ள கிளிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். எட்டுத் தகடுகளும் பொன்னிறமாக இருக்க வேண்டும். பச்சைப் பூத்திருந்தால் வெட்டிப் போட்டுவிட்டுப் புது கிளிப் அழுத்துங்கள். அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, அதே கேபிளில் சில மணி நேரம் கோப்புகளை ஏற்றிப் பாருங்கள். அதில் ஓடுவது முற்றிலும் வேறு டிரைவர். அங்கும் இணைப்பு அறுந்து அறுந்து போனால் சிப்பில்தான் கோளாறு. அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை, ஒரு தனி லேன் கார்டு வாங்கிச் செருகினால் போதும்.

குடமுருட்டி (திருவையாறு):

நான் கல்லூரி மாணவன். டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அதை இயக்கினால் பிழையுள்ள டிரைவரை இன்னும் எளிதாகப் பிடித்துவிடலாம் அல்லவா? அக்கா அதையும் முயன்று பார்க்கலாமே.

அரசலாறு:

தம்பி, நல்ல கருவிதான். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் அது டிரைவரை வேண்டுமென்றே நெருக்கி, சிறு தவறு செய்தாலும் உடனே நீலத்திரையை வரவழைக்கும். டிரைவர் விண்டோஸ் தொடங்கும்போதே தவறு செய்வதாக இருந்தால், கணினி உள்ளே நுழையாமல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருக்கும். அப்போது சேஃப் மோடில் போய் வெரிஃபையருக்கு ரீசெட் கட்டளை கொடுத்துத்தான் மீட்க வேண்டும். டம்ப்பில் யார் என்றே தெரியாமல், ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வருகிற இடத்தில் அது உதவும். இங்கே ஐந்து டம்ப்பும் ஒரே டிரைவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன. வாசலில் விவசாயிகள் காத்திருக்கும் கணினியில் அதைத் தொட வேண்டாம்.

உப்பளத்தான் அவர்கள் சொன்னதை நானும் ஏற்கிறேன். கேபிளைப் பார்க்காமல் விட்டது என் கவனக்குறைவு. சகோதரி, ஒரு வேண்டுகோள்: ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரையும் கிளிப்பையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் லார்ஜ் சென்ட் ஆஃப்லோட் இரண்டையும் அணைத்துவிட்டு, லேன் கேபிளிலேயே வேலை செய்தோம். 27 விண்ணப்பங்கள் போயின, நீலத்திரை வரவில்லை. அன்று இரவு கடை மூடிய பிறகு அவற்றை மறுபடியும் இயக்கி, நாங்களே ஸ்கேன் செய்த பெரிய கோப்புகளை எங்கள் மின்னஞ்சலுக்கு ஏற்றிப் பார்த்தேன். ஏழாவது கோப்பில் விழுந்தது. ஆறாவது டம்ப்பிலும் அதே டிரைவர், அதே கூட்டல் எண்.

இரண்டாம் நாள் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் இருந்த டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அந்தச் சிறு கட்டத்தில் டிக் செய்து பழையதை நீக்கி, புதியதை நிறுவினேன். பதிப்பு எண் வேறாக இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். எங்களுடையது ஹோம் பதிப்பு. அரசலாறு ஐயா தனியாக எழுதிய படி ரெஜிஸ்ட்ரியில் அந்த விதியையும் சேர்த்துவிட்டேன். ஆஃப்லோடை இயக்கிய நிலையிலேயே விட்டு, இரவில் அதே கோப்புகளை நாற்பது முறை ஏற்றினேன். விழவில்லை.

மூன்றாம் நாள் கேபிளைப் பார்த்தோம். இணைப்பு வேகம் 100 என்றுதான் காட்டியது. மோடம் பக்கத்துக் கிளிப்பில் இரண்டு தகடுகள் பச்சையாக இருந்தன. சாரல் அடிக்கிற பக்கம் அது. என் கணவர் அதை வெட்டிவிட்டுப் புது கிளிப் அழுத்தியதும் வேகம் ஆயிரம் ஆனது. ஆகவே இருவர் சொன்னதும் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. நீலத்திரைக்குக் காரணம் டிரைவர் என்பதும், கேபிளும் கெட்டிருந்தது என்பதும் தனித்தனியாகத் தெரிந்தது. இப்போது தினமும் இரவில் லேன் கேபிளைக் கழற்றி ஜன்னலில் தொங்கவிட்டுத்தான் கடை மூடுகிறோம்.

இன்றோடு ஆறு நாட்கள் ஆகின்றன. 140-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போயிருக்கின்றன; ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. ஜெராக்ஸுக்கும் புகைப்படத்துக்கும் வைத்திருக்கும் இரண்டாவது கணினியிலும் இதே மதர்போர்டுதான். அதில் டிரைவர் பதிப்பைப் பார்த்தேன். விழுந்துகொண்டிருந்த அதே பதிப்பு அங்கேயும் இருக்கிறது. அந்தக் கணினியில் நாங்கள் எதையும் ஏற்றுவதில்லை என்பதால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றிவிடுவேன்.